எங்கள் நகத்தைப் பற்றிப் பேசிய நாடுகள்

இறால் உரிக்கிறவளுக்குக் கை மணக்கும். அவள் கையைப் பார்த்து உள்ளே விடுகிறவளுக்கு வாய் நோகும்.

நான் இரண்டாவது ரகம். மட்டக்களப்புச் செங்கலடியிலிருந்து வாவிப் பக்கம் இறங்கும் பாதையில் இருக்கும் ஓர் இறால் கொம்பனியின் வாசலில் நிற்பதுதான் என் வேலை. உள்ளே போகிற பெண்களின் நகம், தலைமயிர், காது, கழுத்து, றப்பர் சப்பாத்து எல்லாவற்றையும் பார்ப்பேன். சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இது பெரிய உத்தியோகம் என்று என் மனுசன் சொல்வார். அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

உங்களில் யாராவது பள்ளிக்கூட வாசலில் பிந்தி வந்த பிள்ளைகளை மறித்திருந்தால், ஆஸ்பத்திரி வாட்டில் "இப்ப பார்க்க ஏலாது" என்று சொல்லி ஏச்சு வாங்கியிருந்தால், பஸ்ஸில் டிக்கட் எடுக்காதவரிடம் இரண்டாம் தரம் கேட்டிருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்கு விளங்கும். மறிக்கிற ஆளை யாருக்கும் பிடிக்காது. மறிக்காமல் விட்டு ஏதாவது நடந்தால் அதற்கும் அந்த ஆளைத்தான் பிடிப்பார்கள்.

எனக்கு இயல்பிலேயே எதையும் நினைத்து நினைத்துக் கவலைப்படுகிற குணம். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வீட்டுக்குப் போயிருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் மனேஜர் என்னை உரிக்கிற மேசையிலிருந்து எழுப்பி வாசலில் நிறுத்தினார். "இந்த வேலைக்கு நிம்மதியா நித்திரை கொள்ளுற ஆள் சரிவராது, தவமணியக்கா" என்றார். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வேலியும் நகமும்

வாசலுக்கு வந்த முதல் வாரம், எல்லாரையும் கூட்டி வைத்து மனேஜர் ஒரு வகுப்பு எடுத்தார். எங்கள் இறால் போவது ஐரோப்பாவுக்கு. முன்னொரு காலத்தில் அங்கே ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு சட்டமாம். ஒருவன் ஐஸைப் பார்ப்பான், மற்றவன் தண்ணீரைப் பார்ப்பான். ஒரு நாட்டில் நல்லது என்று விட்ட சாப்பாட்டை அடுத்த நாட்டில் கூடாது என்று திருப்புவார்களாம். பிறகு அந்த அரசாங்கங்கள் எல்லாம் ஒன்றாக இருந்து பேசி, தங்கள் சனத்துக்கு நோய், வருத்தம் வராமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரே மாதிரி முடிவெடுத்தார்களாம். சாப்பாடு செய்கிற இடத்தில் கையும் உடுப்பும் எப்படி இருக்க வேண்டும் என்பதும் அதற்குள் வருமாம். அந்த முடிவு கடல் கடந்து வந்து கடைசியில் எங்கள் விரலில் நிற்கிறது என்று சொல்லி, மனேஜர் தன் கையையே நீட்டிக் காட்டினார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். பூரணமக்கா மட்டும் ஆட்டவில்லை. எங்களில் மூத்தவர் அவர்தான். இறாலின் முதுகு நரம்பை ஒரே இழுப்பில் எடுக்கிற கை. வாயும் அப்படித்தான். அவருக்கும் பக்கத்து வளவுக்காரருக்கும் வேலிச் சண்டை. கிராம சேவகர், கோயில் தலைவர், பொலிஸ் என்று எல்லாரும் வந்து போயும் அந்த வேலி இன்னும் சாய்ந்தபடியே கிடக்கிறது. வகுப்பு முடிந்து வெளியே வரும்போது தன் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"ரெண்டு வீடு சேந்து ஒரு வேலி கட்ட ஏலாமக் கிடக்கு நம்மட ஊருல. இத்தன நாடு சேந்து என்ட நகத்தப் பத்தி எப்பிடிப் புள்ள பேசி முடிச்சாங்க?"

ஒரு பெட்டிக்குக் காய்ச்சல்

மாரி முடிந்து வெயில் வந்த நேரம் அது நடந்தது. எங்கள் இறால் பெட்டி ஒன்றை அங்கே ஒரு நாட்டுத் துறைமுகத்தில் திறந்து சோதித்திருக்கிறார்கள். வயிற்றுக்குக் கூடாத ஒரு கிருமி இருந்ததாம். பெட்டியை நிறுத்திவிட்டார்கள். மனேஜர் முதலில் பெரிதாகப் பதறவில்லை. அது ஒரு நாடுதானே, இன்னொரு நாட்டில் ஒரு முதலாளி இறால் கேட்டுக்கொண்டிருக்கிறார், அங்கே அனுப்புவோம் என்று போன் எடுத்தார். அந்த முதலாளிக்கு விசயம் அதற்கு முன்னமே தெரிந்திருந்தது. ஒரு நாடு கெட்ட சாப்பாட்டைக் கண்டால் உடனே மற்ற எல்லா நாட்டுக்கும் சொல்லிவிட வேண்டும் என்று அந்த அரசாங்கங்களுக்குள்ளே ஒரு ஏற்பாடு இருக்கிறதாம். ஒளிக்க இடமில்லை.

ஐரோப்பாவுக்கு அனுப்புவது நின்றுபோனது. உள்ளூர் ஹோட்டல்களுக்கு மட்டும் உரித்தோம். வேலை பாதியாகச் சுருங்கியது. அந்த நாடுகளிலிருந்து ஆட்கள் நேரில் வந்து பார்ப்பார்கள், அவர்களுக்குத் திருப்தி என்றால் திரும்பத் தொடங்கலாம், இல்லையென்றால் முதலாளி குளிர் அறை மெசினை விற்றுவிட்டுக் கட்டடத்தைப் பூட்டப்போகிறார் என்று மனேஜர் சொன்னார். அன்று இரவு நான் மூன்று தரம் எழும்பி அடுப்பைப் பார்த்தேன். ஆனால் என்னைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டியவள் ஜெஸீமா.

ஜெஸீமா ஏறாவூர். புருசன் விட்டுப்போன பிறகு மகளை உம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனவள். திரும்பி வந்தபோது மகள் அவளைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளித்தாளாம். அதற்குப் பிறகுதான் எங்களிடம் வேலைக்கு வந்தாள். இப்போது கொம்பனி ஆட்டம் கண்டதும், குவைத்துக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர் மோட்டார் சைக்கிளில் அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். வெள்ளைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு முடிவு சொல்கிறேன் என்று அவரை அனுப்பியிருந்தாள். கொம்பனி பூட்டினால் அவள் போயே ஆக வேண்டும். மகள் இனி ஒளிக்கிற வயதில்லை, ஆனால் தாயைத் தேடுகிற வயது.

அதை நான் அவள் வாயால் கேட்டபோது ஒன்று முடிவெடுத்தேன். என் வாசல் வழியாக ஒரு கிருமியும் உள்ளே போகாது. யார் ஏசினாலும் சரி. ஜெஸீமா தொப்பிக்குள் தலைமயிரைச் செருகிக்கொண்டு, யாரிடமும் சொல்லாத மாதிரிச் சொன்னாள்:

"குவைத்துல நான் காய்ச்சல்ல கிடக்கக்குள்ள, உம்மாக்கு ஒரு செய்தி சொல்ல ஊரெல்லாம் போன் கேட்டுத் திரிஞ்சன் அக்கா. ஒரு றாலுக்குக் காய்ச்சல் எண்டோன அத்தன நாட்டுக்கும் செய்தி போயிட்டே."

தராசுக்குப் பொட்டு

அதன் பிறகு நான் ஒரு பேயாக மாறினேன் என்று பெண்கள் சொல்கிறார்கள். வளையல் கழன்றது. தோடு கழன்றது. பூ வாசலோடு நின்றது. தாலிக்கொடிக்கு மட்டும் பெரிய சண்டை. கழற்றமாட்டோம் என்று எல்லாரும் ஒரே குரலில் நின்றார்கள். நானும் கழற்றமாட்டேன். கடைசியில் கழுத்து வரைக்கும் மூடித் தைத்த மேலங்கியைக் கொம்பனி எடுத்துத் தந்தது. தாலி அதற்குள்ளே போனது.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு நாள், உரித்து முடித்த இறாலில் ஒரு ஒட்டுப்பொட்டு. சிவப்பு, நடுவில் ஒரு மினுங்கல். வெள்ளை இறாலின் முதுகில் யாரோ அளவு பார்த்து ஒட்டிய மாதிரி அழகாக இருந்தது. எல்லாரையும் வெளியே நிறுத்தி ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்தேன். பொட்டை வாசலிலேயே எடுத்துவிட்டுத்தான் எல்லாரும் உள்ளே போயிருந்தார்கள். பொட்டே வைக்காத ஏறாவூர் முஸ்லிம் பெண்கள் தங்களை ஏன் வரிசையில் நிறுத்தினேன் என்று சிரித்தார்கள். பிறகுதான் விசயம் வெளியில் வந்தது. போன ஆயுத பூசைக்கு, இறால் நிறுக்கிற தராசுக்குச் சந்தனம், குங்குமம் வைக்க நான் விடவில்லை. தூள் பறக்கும் என்றேன். அதற்காக ஆட்கள் எனக்குத் தெரியாமல், தூள் பறக்காத ஒட்டுப்பொட்டைத் தராசின் நெற்றியில் ஒட்டிவிட்டிருக்கிறார்கள். மாதக்கணக்காகத் தண்ணீரும் ஐஸும் பட்டு அது அன்றைக்குத்தான் கழன்று விழுந்திருக்கிறது.

நான் தராசைச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். பூரணமக்கா பக்கத்தில் நின்று நான் துடைப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தராசயும் வாசல்ல மறிச்சுத் தொப்பி போட்டெல்லோ விட்டிருக்கணும் நீ."

திங்கட்கிழமை வயிற்றுவலி

இது சிரிக்கிற விசயமில்லை, ஆனாலும் சிரிப்பில்தான் முடிந்தது. வயிற்றோட்டம், வாந்தி, கையில் சீழ்ப்புண் உள்ள ஆள் இறாலைத் தொடக்கூடாது. அது அந்த நாடுகளின் முதல் சட்டங்களில் ஒன்று. எங்களிடமும் இருந்தது. ஆனால் வருத்தம் என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்புவார்கள், அன்றையக் கூலி இல்லை. ஆகவே எங்கள் கொம்பனியில் யாருக்கும் ஒருநாளும் வயிற்றோட்டம் வந்ததே கிடையாது. மட்டக்களப்பு முழுக்க வயிறு கலங்கிக் கிடந்த வெள்ளக் காலத்திலும் எங்கள் பெண்கள் கல்லுப் போல வந்து நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மறித்தால் அவள் வீட்டில் அன்றைக்கு உலை இல்லை.

மனேஜரிடம் போனேன். வருத்தம் என்று சொல்கிறவளுக்குக் கூலியைக் கொடுங்கள், இல்லையென்றால் அந்தப் பெட்டிக்குள் கிருமியை நீங்களே காசு கொடுத்து வாங்கி வைக்கிறீர்கள் என்று சொன்னேன். அவர் முதலாளியைக் கேட்க வேண்டும் என்றார். நான் அறைக் கதவடியிலேயே நின்றேன். தேத்தண்ணி குடித்தார், நின்றேன். போன் பேசினார், நின்றேன். கடைசியில், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இனி ஒரு வேலையும் செய்ய ஏலாது என்று சொல்லி முதலாளிக்குப் போன் எடுத்தார். வருத்தம் சொல்கிறவளுக்கு அன்றையக் கூலி உண்டு என்று முடிவானது.

அன்று பின்னேரம் இதை எல்லாருக்கும் அறிவித்தேன். வருத்தத்தை ஒளிக்காதீர்கள், வெட்கப்படாதீர்கள், முன்கூட்டியே என்னிடம் சொல்லுங்கள் என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டி முடிய நாவற்குடாவிலிருந்து வருகிற சுகந்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த ஞாயிறு அவர்கள் ஊரில் தீமிதிப்பு.

"அக்கா, எனக்குத் திங்கக்கிழம வயித்துவலி வரும். ஒளிக்கக் கூடாது எண்டு நீங்கதானே சொன்னீங்க, அதான் இப்பவே சொல்லிட்டன்."

மோதிரம்

அவர்கள் வைகாசி மாதத்தில் வந்தார்கள். இரண்டு பேர். உயரமான ஐயா ஒருவர் ஒரு நாடு. நரைத்த தலையைக் கட்டையாக வெட்டிய அம்மா ஒருவர் இன்னொரு நாடு. ஒரே நாட்டு ஆளை அனுப்பினால் தன் நாட்டுக்குச் சாதகமாகப் பார்த்துவிடுவார் என்றோ என்னவோ, கலந்துதான் அனுப்புவார்களாம். கூடவே கொழும்பிலிருந்து ஓர் அதிகாரியும், மொழிபெயர்க்க ஒரு பிள்ளையும். மனேஜர் புதுச் சேட்டுப் போட்டிருந்தார். நான் விடியலுக்கு முன்பே வந்துவிட்டேன். செய்ய வேண்டியதைச் செய்திருந்தேன். உள்வாசலுக்கு முன்னால் தரையோடு தரையாக ஒரு தொட்டி இருக்கிறது. குளோரின் கலந்த தண்ணீரில் சப்பாத்தை நனைத்துத்தான் உள்ளே மிதிக்க வேண்டும். அதை நானே தேய்த்துக் கழுவி, நானே கலந்து, சோதிக்கிற தாளை நானே நனைத்து நிறம் பார்த்து வைத்திருந்தேன்.

உடுப்பு மாற்றுகிற அறையில் வெள்ளை மேலங்கியைப் போட்ட அந்த அம்மாவின் விரலில் ஒரு மோதிரம். கல் இல்லாத வெறும் வளையம். கலியாண மோதிரமாக்கும். பார்க்காத மாதிரி விடு என்று மனேஜர் கண்ணைக் காட்டினார். நான் பார்த்துவிட்டேனே. ஜெஸீமாவின் மூக்குத்தியைக் கழற்றியவள் நான். இவரை எப்படி விடுவேன்? கழற்றுகிற நகைகளைப் போட வாசலில் வைத்திருந்த பெட்டியை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். மொழிபெயர்க்கிற பிள்ளை மெதுவாகச் சொல்ல, அந்த அம்மா தன் நாட்டில் வெறும் வளையத்துக்கு விடுவார்கள் என்றார். உயரமான ஐயா உடனே தன் நாட்டில் அதற்கும் விடுவதில்லை என்றார். அம்மா ஏதோ சொன்னார். ஐயா ஏதோ சொன்னார். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை. நான் பெட்டியை நீட்டியபடியே நின்றேன். எனக்குப் பழகின வேலை அது.

வரிசையில் கடைசியாக நின்ற பூரணமக்கா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்:

"இவங்கட வேலியும் ஒரு பக்கம் சாஞ்சுதான் கிடக்கு, என்ன புள்ள?"

சிவந்த தண்ணீர்

அம்மா கடைசியில் மோதிரத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டார். விரல் தடித்திருந்ததால் சவர்க்காரம் போட்டுத்தான் கழன்றது. நான் வென்றுவிட்டேன் என்று மனதுக்குள் நினைத்தேன். அந்த நினைப்பு உள்வாசல் வரைதான் நின்றது.

தொட்டித் தண்ணீர் சிவந்திருந்தது. இரத்தம் கரைத்த மாதிரி. மேலே வேப்பிலை மிதந்தது. உயரமான ஐயா தூக்கிய காலை அந்தரத்தில் நிறுத்தினார். மொழிபெயர்க்கிற பிள்ளை வாயைப் பொத்தினாள். ஐயா குனிந்து தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நனைத்தார். நிறம் ஏறவில்லை. நான் விடிய ஊற்றிய குளோரின் இருந்த இடம் தெரியவில்லை.

பூரணமக்காவின் கையில் வெறும் போத்தலையும் முந்தானையில் மஞ்சளையும் கண்டதும் எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. முதல் நாள் எங்கள் கண்ணகி அம்மன் கோயிலில் குளிர்த்தி. வைகாசிச் சடங்கின் கடைசியில், வெக்கை நோய் எல்லாம் தணிய வேண்டும் என்று அம்மனைக் குளிர வைத்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட அந்தத் தண்ணீரைச் சனத்துக்குத் தெளிப்பார்கள். போத்தலில் பிடித்துக்கொண்டுபோய் வீட்டிலும் தெளிப்போம். நான் மோதிரத்தோடு மல்லுக்கட்டிய நேரத்தில், வரிசையில் நின்ற பூரணமக்கா நழுவிப்போய்த் தன் போத்தலைத் தொட்டியில் கவிழ்த்திருக்கிறார். அது போதாது என்று முந்தானையில் முடிந்து வந்த மஞ்சள் தூளையும் கரைத்திருக்கிறார். குளோரினோடு சேர்ந்து மஞ்சள் சிவப்பாக மாறும் என்று அவர் கண்டாரா, நான்தான் கண்டேனா?

மனேஜர் என் காதடியில் வந்தார். குழாய்த் துரு என்று சொல்லுவம் அக்கா, நீங்கள் பேசாமல் நில்லுங்கள் என்றார். கொழும்பு அதிகாரியும் அதற்குத்தான் தலையாட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேசையில் ஜெஸீமா நின்றாள். முதல் வரிசையில் உள்ளே போனவள். முகக்கவசத்துக்கு மேலே அவள் கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் என்னைத்தான் பார்த்தது. நான் கவலைப்படுகிறவள் என்று சொன்னேனே, அந்தக் குணம் அன்றைக்கு உதவியது. துரு என்றால் குழாயைப் பார்ப்பார்கள். குழாயில் இல்லை என்றால் தாங்கியைப் பார்ப்பார்கள். பிறகு ஐஸை. ஒன்றிலும் துரு இல்லை என்றால் எங்களைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு நாங்கள் எதைச் சொன்னாலும் எடுபடாது.

"துரு இல்ல" என்றேன். மொழிபெயர்க்கிற பிள்ளையைப் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். இது மஞ்சள். எங்கள் ஆள்தான் ஊற்றினார். நோய் உள்ளே வரக் கூடாது என்று நினைத்து ஊற்றினார். வாசல் என் பொறுப்பு. திரும்ப நான் சரியாக்கும் வரைக்கும் யாரும் உள்ளே போக ஏலாது. இதைச் சொல்லி முடித்தபோது உயரமான ஐயா தொட்டியைத் தாண்டிக் காலை வைக்கப் பார்த்தார். நான் கையைக் குறுக்கே போட்டேன். அவர் என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலைப் பின்னுக்கு எடுத்தார். மனேஜர் சுவரில் சாய்ந்துவிட்டார்.

நான் அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரை விட்டேன். தும்புத்தடியால் தேய்த்தேன், கழுவினேன், நிரப்பினேன், குளோரினை அளந்து ஊற்றினேன், தாளை நனைத்து அவர்களிடம் நீட்டினேன். அவ்வளவு நேரமும் கொழும்புக்காரரும் ஐரோப்பாக்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றார்கள். பூரணமக்கா சுவரோடு சுவராக, அழுகை முட்டிக்கொண்டு நின்றார். அந்த அம்மா அவரிடம் போய், ஏன் ஊற்றினீர்கள் என்று கேட்கச் சொன்னார். பூரணமக்கா, குளோரின் இவளுடைய காவல், குளிர்த்தித் தண்ணி என் காவல், இரண்டு காவல் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன் என்றார். மொழிபெயர்த்தபோது அம்மா சிரிக்கவில்லை. மஞ்சள் குளோரினைத் தின்றுவிடும், அதனால்தான் தாளில் நிறம் ஏறவில்லை என்று விளக்கினார். பிறகு உயரமான ஐயாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"இரண்டு பேர் தனித்தனியாக நல்லது செய்யப் போனால் இப்படித்தான், ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஊற்றுவதற்கு முதல் பேச வேண்டும் என்று எங்கள் நாடுகள் படித்து முடிக்கவே ஒரு காலம் சென்றது, இந்த ஐயாவும் நானும் மோதிரத்தில் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறோம்."

போன்

அன்றைக்கு அவர்கள் ஒரு முடிவும் சொல்லவில்லை. கைகூப்பிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். என் மனுசன் எனக்குப் பயந்து வாவிக்கு மீன் பிடிக்க விடியலிலேயே போய்விடுவார். மஞ்சள் போட்ட கறியே எனக்கு வெறுத்துப்போனது. பூரணமக்கா வேலைக்கு வந்தார், ஆனால் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் நான்தான் போய்ச் சொன்னேன். குளிர்த்தித் தண்ணியை வெளிக் கேற்றடியில், றோட்டுப் பக்கமாகத் தெளியுங்கள், அங்கே நான் மறிக்கமாட்டேன், உள்ளே தொட்டி என்னுடையது என்றேன். எல்லை எது என்று கேட்டார். கேற்றுக் கம்பிதான் எல்லை என்றேன். சரி என்றார். எங்கள் ஊரில் சண்டையில்லாமல் போட்ட முதல் எல்லை அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் காலையில் மனேஜர் தன் கந்தோர் அறையிலிருந்து ஓட்டமாக வந்தார். அனுமதி திரும்பக் கிடைத்துவிட்டது. திருத்த வேண்டியவை சில இருந்தன. மின்குமிழ்களுக்கு மூடி போட வேண்டும், வடிகாலுக்கு வலை போட வேண்டும். வாசலில் நிற்கிற ஆளுடைய சொல்லை மனேஜரும் முதலாளியும்கூட மீறக் கூடாது என்று எழுதி ஒட்ட வேண்டுமாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் புளித்தது. சொல்லிக்கொண்டே உள்வாசல் பக்கம் நடந்தார். தொப்பி இல்லை, சாதாரணச் சப்பாத்து. நான் கையைக் குறுக்கே போட்டேன். திரும்பிப்போய்த் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் மாங்கேணியிலிருந்து லொறி வந்தது. ஐஸுக்குள் இறால் நிறைந்து கிடந்தது. எல்லா மேசைக்கும் ஆள் வேண்டியிருந்தது. வாசலில் வரிசை நீண்டது. ஜெஸீமா தன் போனை என் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவி, விரல்களை மேலே பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். நகம் பார்த்தேன். காது பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் அவளுடைய போன் அடித்தது. ஏஜென்சிக்காரரின் பெயர். குவைத்தில் ஒரு வீடு சரிவந்திருக்கிறது, இன்றைக்கு முடிவு வேண்டும் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தாராம். நான் போனைத் தூக்கி அவளிடம் நீட்டினேன். அவள் கையை இன்னும் மேலே தூக்கிக்கொண்டாள். தொட்டித் தண்ணீரில் ஒரு காலை வைத்தாள், மற்றக் காலை வைத்தாள். கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"இப்ப அதத் தொட்டா நீங்க திரும்பக் கழுவச் சொல்லுவீங்க அக்கா. உள்ளுக்கு வேல கிடக்கு, ஜெஸீமா வரமாட்டா எண்டு நீங்களே சொல்லி வெச்சிருங்க."

ஐரோப்பாவில் எத்தனை அரசாங்கங்கள் கூடிப் பேசி ஒத்துக்கொண்டாலும், அது நடக்கிறதா என்று பார்க்க மட்டக்களப்பு வாவிக்கரையில் நித்திரை வராத ஒருத்தி கையைக் குறுக்கே போட்டுக்கொண்டு நிற்கத்தான் வேண்டியிருக்கிறது.